இரண்டு மணிக்கு நிற்காத இன்ஜின்

கணக்கு டீச்சரான மனைவி செம்மொழி ஐந்து மணி வலங்கைமான் பஸ்ஸில் வந்து இறங்குவாள். அதற்குள் கிளம்பிவிட நினைத்த இளம்பரிதி, காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினான்.

"செம்மொழி, டீசல் வாங்கப் போறேன். சாவி மீட்டர் பெட்டி மேல. மீன் குழம்பைச் சுட வச்சிட்டேன்.

தண்ணி இறைக்கிற இன்ஜின்ல இருபத்துநாலு லிட்டர் டீசல். மணிக்கு ரெண்டு லிட்டர் குடிக்கும். அடியில கிடக்குற நாலு லிட்டர் குழாய்க்கு எட்டாது. நேத்து நான் ரெண்டால வகுத்துட்டு அப்புறம் நாலைக் கழிச்சேன், எட்டு மணி நேரம் ஓடும்னேன். ஓடுற நேரம்தான் எக்ஸ், அதைத் தனியா நிறுத்தணும்னா மொதல்ல நாலைக் கழி, அப்புறம் வகு, பத்து மணி நேரம்னு நீ சொன்னே. எனக்குப் பாடம் எடுக்காதன்னு கத்தினேன்.

காலைல ஆறு மணிக்குப் போட்டேன். ரெண்டு மணிக்கு நிக்கல. நாலு மணிக்கு நின்னுச்சு. அந்த ரெண்டு மணி நேரத்துலதான் கடைசி வயலுக்குத் தண்ணி பாஞ்சுது.

இளம்பரிதி"

வாசல்வரை போனவன் திரும்பி வந்து, தாளின் ஓரத்தில் பொடியாக எழுதினான்.

"மெக்கானிக் ரெத்தினம் அண்ணன் வருவார். இன்ஜின் நிக்கமாட்டேங்குதுன்னு ரெண்டு மணிக்கு நான்தான் போன் பண்ணினேன். டீ குடுத்து, இன்ஜின்ல கோளாறு இல்லைன்னு சொல்லி அனுப்பிடு. அப்ப எதுலன்னு கேட்டா, சிரிச்சிடாத."