ஓர்கனின் ஊமைக் கட்டை

அலுமாரியைத் துப்புரவாக்கும்போது உங்கள் கம்பளித் தொப்பி கையில் அகப்பட்டது. எத்தனை முறை தோய்த்தும் நீங்கள் வேலை செய்த ரெஸ்டோரண்டின் வெங்காய மணம் அதைவிட்டுப் போகவில்லை. நல்லகாலம். முகத்தில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரின் கட்டிலில் அப்படியே இருந்துவிட்டேன்.

நத்தார் பண்டிகைப் பாட்டுப் பழக, பாரிஸில் லா சப்பல் முழுக்க மண்டபம் தேடி அலைந்தோமே, நினைவிருக்கிறதா? கடைத்தெருவுக்குப் பின்னால் அந்தப் பழைய கட்டடத்துக்குள் நுழைந்ததும், சுவர் உயரத்துக்கு நின்ற குழாய் ஓர்கனைக் கண்டீர்கள். ஓர்கன் இருந்தால் கோயில்தானே என்று, மன்னாரில் செய்வதுபோலச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டீர்கள். கதவுத் திறப்பைக் கையில் வைத்திருந்த வயதான மதாம் சிரித்துவிட்டார். இது யூதர்களின் செபக்கூடமாக இருந்த இடம், எங்கள் ஆட்கள் இங்கே தலையைத்தான் மூடுவார்கள் என்றார். நீங்கள் சப்பாத்தைத் திரும்பப் போடவில்லை. பையிலிருந்த இந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓர்கன் முன்னால் போய் அமர்ந்தீர்கள்.

“காலும் வெறுங்கால், தலையும் மூடியிருக்கு. இனி ரெண்டு பகுதியும் கோவிக்கேலாது,” என்றீர்கள்.

மதாமின் தாய் தகப்பனுக்கு அந்த ஓர்கன் இசைக்கத்தான் கல்யாணம் நடந்ததாம். பிறகு இரண்டாம் உலக யுத்தம். அங்கே செபித்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கட்டடம் சாமான் கிடங்கானது. யாரோ ஒரு குழாயையும் பிடுங்கிவிட்டார்கள். திரும்பி வந்த கொஞ்சப்பேர் கட்டடத்தை நகரசபையிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குழாய்க்குரிய கட்டையை அமுக்கினால் வெறும் காற்றுத்தான் வந்தது. நீங்களா விடுவீர்கள்? பாட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் அந்தச் சுரத்தை வாயால் பாடினீர்கள். பாட வந்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். மதாம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

நீங்கள் கடவுளிடம் போன பிறகு ஓர்கனைத் திருத்தி, புதுக் குழாயும் போட்டுவிட்டார்கள். போன ஞாயிறு அதன் முதல் கச்சேரியில் மதாம் என்னை முன்வரிசையில் தன் பக்கத்தில் இருத்தினார். நீங்கள் வாசிக்கும் அதே பாட்டு. அந்த இடம் வந்தது. குழாய் பிசகில்லாமல் ஒலித்தது. மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதார். அவருக்கு ஏதோ ஒன்று திரும்பக் கிடைத்தது. எனக்கோ உங்கள் குரல் இன்னொருமுறை போய்விட்டது. அதை அவரிடம் எப்படிச் சொல்ல? நானும் அழுதேன். தன்னைப்போலத்தான் என்று நினைத்திருப்பார்.

இப்போது சமைக்கும்போது அந்தப் பாட்டை முணுமுணுக்கிறேன். அந்தச் சுரம் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். தாச்சியில் வெங்காயம் பொரிகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

“இஞ்சருங்கோ,” என்கிறேன், “உங்கடை இடம் வந்திட்டுது.”