பெரிய டிரம்மும் இடுப்பு பெல்ட்டும்

அன்புள்ள அப்பாவுக்கு,

எதையும் ஒளிக்காமல் உண்மையை எழுதுகிறேன், பயப்படாதீர்கள். நலமா? அம்மாவின் இருமல் நின்றதா?

பள்ளி அணிவகுப்பில் பெரிய டிரம் எனக்குத்தான்! அதைத் தாங்கும் தோல் பெல்ட் பலகை மாதிரி விறைப்பானது, நல்ல கனம். தினமும் கட்டி, பத்து நாளாக முதுகுவலி. சொன்னால் டிரம்மைப் பிடுங்கிவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. இன்று குனிய முடியாமல் நின்றேன். பேண்டு மாஸ்டர் பெல்ட்டை அவிழ்த்தார். முதுகுப் பக்கமிருந்து என் கதைப் புத்தகம் விழுந்தது.

“ஏம்மா, இது பெல்ட்டா, லைப்ரரியா?”

“இடைவேளையில படிக்கலாம்னு தினமும் செருகி வைப்பேன், சார்.”

“அட்டை குத்தாம என்ன செய்யும்? நாளைக்குப் புத்தகம் இல்லாம வா. டிரம் உனக்குத்தான்.”

பாதி வலி புத்தகத்தால், மீதி பெல்ட்டால்தான். காவல் வேலை முடிந்து வந்து பெல்ட்டைக் கழற்றி “அப்பாடா” என்பீர்களே, நடிப்பென்று நான் சிரிப்பேன். இனிச் சிரிக்கமாட்டேன். பெல்ட்டுக்குள் நீங்கள் மடித்து வைக்கும் துண்டை அனுப்புங்கள். புதிய துண்டு வாங்கினால் அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுடையதே எனக்கு வேண்டும். அணிவகுப்பில் அசத்திவிடுவேன், பாருங்கள்.

விடுதியில் விளக்கை அணைக்கப்போகிறார்கள், முடிக்கிறேன்.

உங்கள் மகள்