இரண்டாம் மூடி, மூன்றாம் மூடி

ஜூன் 9, திங்கள்

சித்தூரே வேகிற வெயில். பலமனேர் ரமணய்யா அண்ணனின் வேன் என்ஜினைப் பூட்டும் வேலை. டீசல், நாலு சிலிண்டர், ஒரே வரிசை. கிராங்க், புதுப் பேரிங், பிஸ்டன், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடு: எல்லாம் உள்ளே. ஒவ்வொரு ராடின் அடியிலும் கிராங்கைச் சுற்றிப் பிடிக்க ஒரு மூடி. ராடும் மூடியும் ஜோடியாகக் கடைந்தவை, இரண்டிலும் ஒரே எண் வெட்டியிருக்கும். மாற்றக் கூடாது.

நடுவில் ஸ்கூலிலிருந்து போன். என் மகள் பாப்பாவுக்குக் காய்ச்சல். ஓடிப் போய்க் கூட்டி வந்தேன். அப்புறம் மிச்ச போல்ட்டுகளை முடுக்கினேன்.

ஜூன் 11, புதன்

வேன் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை. சத்தம் சுத்தம். ரமணய்யா அண்ணனுக்குச் சிரிப்பு: "நாளைக்கே திருமலை ட்ரிப்பும்மா. சாந்திபுரத்துல பதினேழு பேரை ஏத்திக்கணும்." என் அண்ணன் குமாருக்குப் பெருமை. ஒர்க்‌ஷாப் அவனுடையது, என்ஜினுக்குள் கை வைப்பது நான்.

பாப்பாவுக்கு மாத்திரை இன்னும் இரண்டு நாள்.

ஜூன் 12, வியாழன்

காலை எட்டு. போனில் இடம் இல்லை என்று போட்டோக்களை அழித்துக்கொண்டிருந்தேன். வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுப்பது வழக்கம். திங்கட்கிழமைப் படம் ஒன்று. பெரிதாக்கினேன். இரண்டாம் ராடில் 3 என்று வெட்டிய மூடி. மூன்றாவதில் 2.

இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். அதேதான்.

இந்த என்ஜினில் இரண்டாம் பிஸ்டனும் மூன்றாம் பிஸ்டனும் ஒன்றாகவே கீழே இறங்கும். அதனால் இரண்டு மூடியையும் சேர்த்தே போடுவேன். மூணு சிலிண்டர் என்ஜின் என்றால் ஒவ்வொன்றாகத்தான் இறங்கும், மூடி மாற வழியில்லை. படம் எடுத்த பிறகு திருத்தினேனா? நினைவில்லை. ஸ்கூல் போன் மட்டும்தான் நினைவு.

மூடி மாறினால் துளை சரியான வட்டமாக இருக்காது. ஆயில் நிற்காது, பேரிங் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். மலை இறங்கும்போது என்ஜின் நின்றால் பிரேக்குக்கு அது தரும் உதவியும் போய், பெடல் கல்லாகிவிடும். உள்ளே பதினேழு பேர்.

ரமணய்யா அண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுத்தது அவர் மனைவி. "போனை வூட்லயே வெச்சிட்டு அஞ்சு மணிக்கே கிளம்பிட்டாரும்மா."

குமார் அண்ணன்: "வண்டி ஓடிக்கினுதானே கீது? நீயே போய்ச் சொல்லிக்கினா இனிமே நம்ம கடைக்கு எவன் வருவான்?"

"நடுமலையில நின்னுட்டா?"

அவன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பத்தே முக்கால், அலிபிரி. மலையேறும் முன் சோதனைக்கு நிற்கும் வரிசை. வண்டி வண்டியாகப் பார்த்து ஓடினேன். அவர் வேனுக்கு முன்னால் மூன்றே வண்டி.

"அண்ணா, ஏத்தாதீங்க. மூடி மாத்திப் போட்டுட்டேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? தெலுசா, தெலியதா?"

"தெறந்து பார்த்தாதாண்ணா தெரியும்."

உள்ளேயிருந்து ஒரு அம்மாள்: "தரிசன டைமு போய்க்கினு கீதே!" பின் சீட்டு ஆள்: "பொம்பளைங்கிட்ட வண்டி குட்த்தா இப்டித்தான்." திட்டை வாங்கிக்கொண்டேன்.

ரமணய்யா அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு சாவியைத் திருகி என்ஜினை அணைத்தார். "எல்லாரும் எறங்குங்க. பஸ்ல போங்க."

ஜூன் 13, வெள்ளி

திருப்பதியில் தெரிந்த ஷெட். வேனைக் கட்டி இழுத்து வந்தோம். அடியில் படுத்து என்ஜினின் ஆயில் தொட்டியைக் கழற்றினேன். ரமணய்யா அண்ணன் டார்ச் பிடித்தார்.

மாறித்தான் இருந்தது. பேரிங்கின் வெள்ளைப் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது.

அவர் டார்ச்சைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "எது வரைக்கும் போயிருக்கும்?"

"ஏறியிருக்கும்ண்ணா. எறங்கியிருக்குமான்னு தெரியல."

எழுந்து வெளியே போய்விட்டார்.

மதியம் குமார் அண்ணன் பஸ்ஸில் வந்தான், புதுப் பேரிங்கோடு. என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்ட ஸ்பானரை மட்டும் எடுத்து எடுத்துக் கொடுத்தான். கிராங்கில் கீறல் இல்லை. அது போதும்.

சாயந்திரம் ரமணய்யா அண்ணன்: "நீயே பூட்டு. வேற ஆள் வாணாம். ஆனா மொதல் ட்ரிப்புக்கு எம் பக்கத்துல உக்காரணும்."

ஜூன் 16, திங்கள்

மேகமூட்டம். மலைக்கு. பலமனேர் ஆட்கள் பதினாலு பேர், நான் முன் சீட்டில். ஏறி முடிக்கும்வரை கண் ஆயில் பிரஷர் முள்ளில். மேலே எல்லோரும் கோயிலுக்கு. நான் வேனிலேயே.

இறக்கம். இரண்டாம் கியர். வளைவுகளை எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறை அவர் பிரேக் மிதிக்கும்போதும் என் காலும் அழுந்தியது. பின்னால் ஒரு குழந்தை பாடிக்கொண்டே வந்தது.

கீழே வந்து ஓரம் கட்டினார். "அடுத்த மாசம் கிளட்ச் பார்க்கணும்மா. உங்கிட்டயே கொண்டாறேன்."

"சரிண்ணா."

இறங்கினேன். அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.