ஒரே கட்டம் போட்ட இரண்டு சட்டைகள்

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும்,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். மாமாவுக்கு இருமல் விட்டதா? பிள்ளை எதையும் பிடிக்காமல் நிற்கிறானா?

அவனுக்கு முதல் கிறிஸ்துமஸ் அல்லவா, லாண்டரியில் அரை நாள் லீவு கேட்டுக் கடைக்குப் போனேன். சக்கரம் வைத்த யானை ஒன்றும், நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்றும் எடுத்தேன். பக்கத்திலேயே அதே கட்டத்தில் நாற்பது சைஸ் தொங்கியது. அதையும் கூடையில் போட்டுவிட்டேன். நம் வீட்டில் பண்டிகைக்கு எல்லாருக்கும் ஒரே துணியில்தானே எடுப்போம், அந்தப் பழக்கம்.

கூட வந்த, என் அறையில் தங்கியிருக்கும் அக்கா, "ஏன்டி, உன் பையன் அதுக்குள்ள இவ்ளோ பெரிசா வளந்துட்டானா?" என்று கேலி செய்தாள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் உங்கள் மகன் நம்மை விட்டுக் கர்த்தரிடம் போய் எட்டு மாதம் ஆகிறது என்று உறைத்தது. அவளுக்கும் முகம் சுருங்கிவிட்டது.

"குடு, திருப்பி வச்சிட்டு வரேன்."

"வேணாங்கா, இருக்கட்டும்" என்றேன்.

இதைப் படித்துவிட்டு அழாதீர்கள் அத்தை. இரண்டையும் நானே இஸ்திரி போட்டு அனுப்புகிறேன். பெரியது மாமாவுக்கு. உங்கள் மகனுக்கும் மாமாவுக்கும் தோள் அளவு ஒன்றுதானே. மாமா அதைப் போட்டுக்கொண்டு பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப் போகும்போது, பின்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பிள்ளை தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும்போது எடுங்கள். இஸ்திரி மேஜைக்கு எதிரே ஒட்டிக்கொள்வேன்.

மாமா முகம் அதில் தெரிய வேண்டாம். அவர் கோபித்துக்கொள்ளாதபடி நீங்களே சொல்லிவிடுங்கள்.

மணி அடித்துவிட்டது, போகிறேன்.

உங்கள் மருமகள்