டொரோண்டோவிலிருந்து வரும் அண்ணனுக்கு

டொரோண்டோவிலிருந்து பெங்களூருக்கு ஏறக்குறைய பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர். நடுவில் விமானம் மாறி வந்தால் ஒரு நாள் ஓடிவிடும். அண்ணன் டக்ளஸ் வந்து சேரும்வரை அம்மாவின் அடக்கத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி ஷைலா எல்லோரிடமும் மன்றாடினாள். ஆனால் அவன் மாறவேண்டிய விமானம் ரத்தாகிவிட்டது.

"இன்னா பண்றது கண்ணு, ரெண்டு நாள் ஆச்சு. இதுக்கு மேல வெக்கக்கூடாது" என்றார் கிளமெண்ட் மாமா.

பெட்டியை வண்டியில் ஏற்றியதும் ஷைலா வீட்டைப் பூட்டினாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், கதவில் வைத்தே எழுதினாள்:

"அண்ணா, சாவி பக்கத்து வீட்டு மங்கம்மா அக்காகிட்ட இருக்கு. அவங்க குடுத்த இட்லி அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். சாப்ட்டுட்டு கல்லறைக்கு வா. போன மாசமே உன்ன கூப்ட்டேன். நீதான் லீவு இல்லன்ன."

கடைசி இரண்டு வரிகளைத் திரும்பப் படித்தபோது அவளுக்கே தாங்கவில்லை. இரண்டையும் அடித்தாள். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். சீட்டைக் கதவு இடுக்கில் செருகப் போனவள், அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி உனக்கும் சேத்து நானே முத்தம் குடுத்துட்டேன். அம்மா நெத்தி ரொம்ப ஜில்லுனு இருந்துச்சுண்ணா."