ஃபேன்தான், அம்மா

இன்று பகல் காவிரிப் பாலத்தின் நடுவில், ஒரு வாடிக்கையாளரின் காரில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் பஸ், பின்னால் லாரி, இரண்டு பக்கமும் டூவீலர்கள். ஏ.சி. காற்றில் முதலில் குளிர் குறைந்தது. பிறகு அது வெறும் காற்றானது, பிறகு சூடானது. அதோடு பானட் இடுக்கு வழியாக கூலன்ட் கொதிக்கும் வாடை வந்தது. கொஞ்சம் இனிப்பான வாடை. சட்டென்று இன்ஜினை அணைத்தேன். அந்த வாடையோடு நீங்கள் வந்துவிட்டீர்கள், அம்மா.

நீங்கள் என் ஒர்க் ஷாப்புக்கு முதலில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து உறையூர் வரை தனியாகவே ஓட்டிக்கொண்டு வந்து, கேட்டில் இடிக்காமல் உள்ளே நிறுத்தினீர்கள். "எங்க வீட்டுக்காரர் போனப்புறம் ரெண்டு வருஷமா கவர் போட்டு நின்ன வண்டி தம்பி. பிள்ளை விக்கச் சொல்றான். நான் போய் டிரைவிங் கத்துக்கிட்டு லைசென்ஸ் வாங்கிட்டேன்" என்றீர்கள். அப்போது உங்களுக்கு அறுபத்தொன்று. ஞாயிற்றுக்கிழமை மேலப்புதூர் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவீர்கள். வாரத்தில் இரண்டு நாள் தில்லை நகரில் படுத்த படுக்கையாக இருந்த உங்கள் தோழியைப் பார்க்கப் போவீர்கள். யாரையும் கூப்பிட்டுக் காத்திருக்காமல் போய்வருவதில் உங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த ஏப்ரலில் அந்தக் கோளாறோடு வந்தீர்கள்.

"ஓடுறப்ப ஐஸ் மாதிரி வருது. மாம்பழச்சாலை சிக்னல்ல நின்னா அஞ்சு நிமிஷத்துல சுடுகாத்து. வண்டி கிடுகிடுன்னு உதறுது. ஆஃப் ஆயிடுமோன்னு லேசா ஆக்ஸிலேட்டர் குடுத்துக்கிட்டே நிக்கிறேன். ஹீட் முள்ளும் ஏறுது. பாலம் தாண்டி ஓட ஆரம்பிச்சா எல்லாம் சரியாயிடுது தம்பி."

இதற்கு மேல் ஒரு மெக்கானிக்குக்கு என்ன வேண்டும்? வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். அது ஓடவில்லை என்று நீங்கள் பெயர் தெரியாமலே சொல்லிவிட்டீர்கள். நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. வயதான பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டவர், உதறுகிறது என்றால் கிளட்ச் சரியாக விடத் தெரியவில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். "வெயில் காலத்துல எல்லா வண்டியும் இப்படித்தாம்மா. கேஸ் குறைஞ்சிருக்கும்" என்று சொல்லி ஏ.சி. கேஸ் நிரப்பினேன். காலை நேரம், ஷெட் நிழல். ஃபேன் ஒரு தரம் சுற்றியது. போதும் என்று கொடுத்துவிட்டேன்.

பத்தே நாளில் திரும்பி வந்தீர்கள். "நீங்க நிழல்ல வச்சுப் பாக்குறீங்க. இங்க அது வராது. பன்னெண்டு மணிக்கு என்கூடப் பாலம் வரைக்கும் ஒரு தடவை வாங்க" என்றீர்கள்.

"வேலை நெறைய கெடக்கும்மா."

"டெலிபோன் ஆபீஸ்ல இருபத்தெட்டு வருஷம் கம்ப்ளெய்ன்ட் எழுதுனவ நான். லைன் நல்லாத்தான் இருக்குன்னு லைன்மேன் வந்து சொல்லுவார். அந்த வீட்டுல போன் மட்டும் அடிக்காது." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்று என் ஷெட்டில் நின்றவை இரண்டே வண்டிகள், அம்மா. அரை மணி நேரம் உங்களோடு வந்திருக்கலாம்.

மே மாதம், பூசை முடிந்து திரும்பும்போது பாலத்தில் வண்டி நின்றது. போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது பானட்டிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. நீங்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தீர்கள். டூவீலரில் போன ஒருவர், "ஓட்டத் தெரியாதவங்களுக்கெல்லாம் எதுக்குக் காரு?" என்று கத்திவிட்டுப் போனார். நீங்கள் என்னைப் பார்த்து, "முள்ளு ஏறுன உடனே அணைச்சுட்டேன் தம்பி" என்று மட்டும் சொன்னீர்கள்.

மறுநாள் காலை இன்ஜினைத் திறந்தேன். இன்ஜின் மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் சூட்டில் போயிருந்தது. ஃபேனுக்கு நேராகக் கரன்ட் கொடுத்தேன், சுற்றவில்லை. ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினேன், சுற்றியது. கொஞ்சம் சூடானதும் மறுபடி நின்றது. நீங்கள் ஏப்ரலிலேயே சொன்னது இதைத்தான். அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து வந்த உங்கள் மகன் உங்களையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"போன மாசம்தானே பாத்துக் குடுத்தீங்க? எப்படிங்க இப்படி ஆச்சு?"

உண்மை என் கையிலேயே இருந்தது. நான் சொன்னது வேறு. "அம்மா கிளட்ச்ல கால் வச்சே ஓட்டுறாங்க சார். சிக்னல்ல ஏ.சி.யைப் போட்டுக்கிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிச்சுட்டே நின்னா எந்த வண்டி தாங்கும்? அவங்களே சொன்னாங்க."

அவங்களே சொன்னாங்க. நீங்கள் என்னை நம்பிச் சொன்னதை எடுத்து உங்கள் மேலேயே திருப்பினேன்.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? சாவியைக் குடுங்க" என்றார் மகன். நீங்கள் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தீர்கள். என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். பிறகு குனிந்து உங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டீர்கள்.

புது ஃபேன் போட்டுத்தான் வண்டியைக் கொடுத்தேன். மகன் அதை விற்றுவிட்டார்.

அடுத்த வருடம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்தேன். நல்ல மதியம். ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்காக நின்றிருந்தீர்கள். நான் பார்க்காதது போலக் கடக்கப் போனேன். நீங்களே கூப்பிட்டு, என் பிள்ளைகளை விசாரித்து, தில்லை நகர்த் தோழி இறந்துபோனதைச் சொன்னீர்கள். "கடைசியில அடிக்கடி போய்ப் பாக்க முடியல தம்பி. ரெண்டு பஸ் மாறணும்ல." பிறகு மெதுவாகக் கேட்டீர்கள்: "ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. ஃபேன் கீன் ஏதாச்சும் ஓடாம இருந்துச்சா?"

யாரிடமோ விசாரித்திருக்கிறீர்கள். என்னிடம் சண்டைக்கு வரவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டீர்கள். ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும்.

"இல்லம்மா, ஃபேன் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"அப்ப என்மேலதான் தப்பு" என்று தலையாட்டினீர்கள். பஸ் வந்தது. "போயிட்டு வரேன் தம்பி" என்று ஏறிப் போனீர்கள். உட்கார இடம் கிடைத்ததா என்றுகூட நான் பார்க்கவில்லை.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அடக்கத்துக்கு வந்து கூட்டத்தோடு நின்று மண் போட்டேன். நாற்பதாம் நாள் கழித்து வீட்டுக்குப் போய் உங்கள் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அப்பா வண்டியை நான் ஓட்டத் தெரியாம ஓட்டிக் கெடுத்துட்டேன்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றார். "இதை அவங்ககிட்டல்ல நீங்க சொல்லியிருக்கணும்? நானும்தான் தப்பு பண்ணிட்டேன், உங்களைக் கேட்டேன். அவங்களை ஒரு வார்த்தை கேக்கல." காபி கொண்டுவரச் சொன்னார். இருவருமே அதைக் குடிக்கவில்லை.

இப்போது யார் வந்து இந்த மாதிரிக் கோளாறு சொன்னாலும், உச்சி வெயிலில் நானே வண்டியை எடுத்துக்கொண்டு நெரிசலில் போய் நிற்கிறேன். ஒரு மணி நேரமானாலும், கோளாறு வரும்வரை நிற்கிறேன். இன்று பாலத்துக்குப் போனதும் அதற்குத்தான். வாடிக்கையாளர்கள் மற்றவர்களிடம் சொல்லி அனுப்புகிறார்கள். நாம் சொல்வதை நம்புகிற ஆள், தட்டிக் கழிக்க மாட்டார் என்று ஊருக்குள் எனக்கு ஒரு பேர். உங்களால் எனக்கு வந்த பேர் அது. வண்டி ஓட்டத் தெரியாதவர் என்பது என்னால் உங்களுக்கு வந்த பேர். அதோடு நீங்கள் போய்விட்டீர்கள், அம்மா.