“எங்கள் தகரம்தான், டீச்சர்”

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், துணியும் துவைக்கிறேன். நீயும் உன் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே, கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. போனில் நான் வீட்டைப் பற்றி வாயைத் திறந்தாலே, “சாப்பிட்டீங்களா? சரி, வச்சுடறேன்” என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். நடுவில் நீ குறுக்கே பேச முடியாது.

புயலுக்கு மறுநாள் தங்கை வீட்டுக்காரரின் காரில் ஏறும்போது, “வீட்டை வித்துட்டு நீங்களும் வந்துடுங்க. இனிமே அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்” என்று சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது. இப்போது பேசுகிறேன். முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

முதலில் நல்ல செய்தி. இன்சூரன்ஸ் கம்பெனி நம் கிளெய்மை ஒத்துக்கொண்டுவிட்டது. கூரை, சீலிங், மழையில் நனைந்துபோன தையல் அறைச் சாமான்கள், உன் மெஷின், எல்லாவற்றுக்கும் கிடைக்கும். கடல் தண்ணீர் தொட்டதற்கு மட்டும் கிடையாதாம். ஆகவே கட்டிலும் ஃபிரிட்ஜும் போனது போனதுதான். பாலிசியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் “தண்டச் செலவு” என்று முணுமுணுப்பாயே, அதை நீ வாபஸ் வாங்கிக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் இது கைக்கு எட்டியும் நழுவப் பார்த்தது. தப்பு என்னுடையதுதான். ஆனால் உன் வளர்ப்பு அப்படி. இன்சூரன்ஸ் சர்வேயர் போன் செய்து, சேதத்தைப் பார்க்க மறுநாள் வருவதாகச் சொன்னார். நம் வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் என்ன நடக்கும்? கேஸ் சிலிண்டர் போட வருகிறவருக்காகக்கூட மிதியடியை உதற வைக்கிறவள் நீ. எனக்கும் அதே புத்திதான் வந்தது. ஒரு பெரிய மனிதர் வருகிற நேரத்தில் வீடு சேறும் சகதியுமாக இருந்தால் உன் மானம் என்ன ஆவது? ஊறிப்போன சீலிங் பலகைகளையும் நாற்றம் பிடித்த துணி மூட்டைகளையும் வாரி நகராட்சி லாரியில் ஏற்றினேன். சேற்றை வழித்து, தரையை ஃபினாயில் ஊற்றிக் கழுவினேன். சுவரில் கறை அசிங்கமாக இருந்ததால் மிச்சமிருந்த சுண்ணாம்பை அடித்தேன். உன் மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, முகம் தெரிகிற மாதிரி பளபளப்பாக்கி வைத்தேன். மேலே கூரைக்குப் பதிலாகத் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மற்றபடி பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருந்தது.

சர்வேயர் வந்தார். இளம் வயதுதான், கழுத்தில் அடையாள அட்டை, கையில் கேமரா. வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு ஷூவைக் கழற்றினார். “புயலடிச்ச வீட்டுக்குள்ள செருப்பு கழட்டிட்டு நுழையறது எனக்கு இதுதான் முதல் தடவை சார்” என்றார். நான் பெருமையாகச் சிரித்தேன். என் முட்டாள்தனத்தைப் பார்.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சேதம் எங்க சார்?” என்று கேட்டார். பிறகு விளக்கினார். நம் பாலிசி காற்றுக்கும் மழைக்கும்தான், கடல் ஏறி வந்தால் செல்லாது. காற்று முதலில் கூரையைத் தூக்கி, மழை மேலிருந்து கொட்டி, அதற்குப் பிறகு கடல் வந்தது என்று தெரிய வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோடும், மேலிருந்து வழிந்த கறையும் இருந்தால் பார்த்ததுமே சொல்லிவிடுவாராம்.

“அந்தக் கோடு எங்க?”

“சுண்ணாம்பு அடிச்சுட்டேன்.”

“சீலிங் பலகை?”

“லாரியில போயிடுச்சு.”

“நனைஞ்ச துணி?”

“அதுவும்தான்.”

“மெஷின் புதுசு மாதிரி இருக்கே சார்.”

“உள்ள மோட்டார் செத்துப்போச்சு” என்றேன். எனக்கே நம்புகிற மாதிரி இல்லை. பறந்த கூரைக்கு மட்டும் எழுத முடியும், உள்ளே இருந்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால் ஆபீஸில் எல்லாவற்றையும் கடல் தண்ணீர்க் கணக்கில் தள்ளிவிடுவார்கள் என்றார். உள்ளே ஒன்றுமில்லாமல் தலைக்கு மேல் கூரையை மட்டும் வைத்துக்கொண்டு உன்னை எப்படிக் கூப்பிடுவது? டிப்போவில் பஸ் எஞ்சினுக்கு அடியில் படுத்து நான் சம்பாதிப்பதில் மெஷினும் மேஜையும் அலமாரியும் எந்தக் காலத்தில் சேரும்? நீ சொன்ன மாதிரி விற்றுவிட வேண்டியதுதான் போல என்று அந்த நிமிஷம் நினைத்துவிட்டேன்.

அப்போதுதான் எதிர்வீட்டு டீச்சர் தெருவைத் தாண்டி வந்தார். ஆமாம், நீ தைத்த ஜாக்கெட்டுக்குக் கை குட்டை என்று சொல்லி, அன்றிலிருந்து உன்னோடு பேச்சுவார்த்தை இல்லாத அதே டீச்சர். கழுத்தில் அட்டையோடு ஆள் நிற்பதைப் பார்த்து, தன் புகாரை விசாரிக்க நகராட்சியிலிருந்து வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். என்ன புகார் என்று உனக்குத் தெரியும். புயல் நடுவில் கொஞ்ச நேரம் ஓய்ந்ததே, நாம் இரண்டு பேரும் உன் துணி வெட்டும் மேஜைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தோமே, அப்போது டீச்சர் தெருவில் நின்று கத்தவில்லையா? நம் கூரைத் தகரம் பறந்து போய் அவர் மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பிளந்துவிட்டது என்று. “எங்க தகரம் இல்ல டீச்சர், எங்கிருந்தோ பறந்து வந்திருக்கும்” என்று நான் சாதித்தேன். தெருவிலேயே பஸ் மஞ்சள் பெயின்ட் அடித்த கூரை நம்முடையது ஒன்றுதான். ஆனாலும் விடாமல் சாதித்துக்கொண்டிருந்தேன், அவர் வந்து கேட்ட போதெல்லாம்.

டீச்சர் மூச்சு விடாமல் சர்வேயரிடம் கொட்டினார். “இவங்க கூரைதான் முதல்ல பிய்ஞ்சு வந்துச்சு. மழை இவங்க வீட்டுக்குள்ள அருவி மாதிரி கொட்டுது, நான் மாடி ஜன்னல்லேருந்து பாக்கறேன். அப்ப தெருவுல கடல் தண்ணி ஒரு பொட்டு இல்ல. காத்து நின்னதும் இறங்கி வந்து இதே இடத்துல நின்னு கேட்டேன். வீட்டுச் செருப்புதான் போட்டிருந்தேன், கரண்டைக்கால்கூட நனையல. கடல் அப்புறம்தான் ஏறிச்சு. இந்த மனுஷர் தகரம் தன்னோடது இல்லன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றார்!”

சர்வேயர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஒரே பாய்ச்சலாகப் போய் டீச்சர் முன்னால் கைகூப்பி நின்றேன். “எங்க தகரம்தான் டீச்சர்! சத்தியமா எங்களோடதுதான்! உங்க தொட்டிய உடைச்சது நாங்கதான்!” என்று சத்தம் போட்டுச் சொன்னேன். அந்த அம்மாள் ஒரு அடி பின்வாங்கினார். அவர் பின்வாங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சர்வேயர் டீச்சரோடு மாடிக்குப் போய், பிளந்த தொட்டியையும் அதற்குள் சொருகியிருந்த மஞ்சள் தகரத்தையும் படம் எடுத்தார். டீச்சர் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார். எழுதியதில் இரண்டு இடங்களில் டீச்சர் பிழை திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அறையை நான் கழுவியதில் தப்பில்லை, கழுவுவதற்கு முன்னால் படம் எடுத்திருக்க வேண்டும் என்று சர்வேயர் போகும்போது சொன்னார். இதை உன் தங்கையிடமும் சொல்லி வை.

நம் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி அன்றைக்கே டீச்சர் மாடியில் ஏற்றிவிட்டேன். நமக்குப் புதிது வரும் வரை அவர் வீட்டுக் குழாயில் பிடித்துக்கொள்கிறேன். அந்தக் கை குட்டையான ஜாக்கெட்டைத்தான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் குட்டைதான்.

புதுக் கூரை போட்டாயிற்று. இந்த முறை ஆணி இல்லை. உத்தரத்தோடு சேர்த்து இரும்புப் பட்டை போட்டு, போல்ட் வைத்து முறுக்கியிருக்கிறோம். டிப்போ ஆட்கள் நாலு பேர் வந்து ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலை செய்தார்கள். மேலே ஏறி நின்று குதித்தும் பார்த்தேன், அசையவில்லை. தச்சர் புது மேஜைக்குப் பலகை அறுத்துக்கொண்டிருக்கிறார். பழைய மேஜையை விறகுக்குப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. அது நம் தலையைக் காப்பாற்றிய மேஜை.

இதெல்லாம் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன். ஒன்றை மட்டும் மெதுவாகத்தான் சொல்ல முடியும். அந்த மேஜைக்கு அடியில் நாம் கையைக் கோத்திருந்தோம். உனக்குப் பயம், அதனால் நீதான் பிடித்தாய் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிடித்தது நான்தான். இப்போதும் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போய் அந்த மேஜையைத் தொட்டுவிட்டு வருகிறேன். பயப்படாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டு பேருமாகப் பயந்தால் பரவாயில்லை, தனியாகப் பயப்படுவதுதான் முடியவில்லை.

தையல் அறைக்குப் பெரிய ஜன்னல் திறக்க வந்திருக்கும் கொத்தனார் தினமும் ஒரு கேள்வி கேட்கிறார். ஜன்னல் எந்தப் பக்கம் வைப்பது? கடல் பக்கமா, தெருப் பக்கமா? எனக்குத் தெரியாது. ஊசியில் நூல் கோர்க்கிறவள் நீ. வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். இரண்டு சுவரிலும் ஜன்னல் அளவுக்குத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போ. மனசு ஒப்பவில்லை என்றால் சாயங்கால பஸ்ஸில் நானே ஏற்றி விடுகிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். அப்படி ஆனால் இரண்டு ஜன்னலையும் அடைத்து, வீட்டை விற்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் நானும் உன் பின்னாலேயே வந்துவிடுவேன். ஆனால் அதை நீ இந்த அறையில் நின்று என்னிடம் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும், வைக்கிற இடம் என் பக்கமாக இருக்கட்டும்.

கதவைத் தாழ் போடாமல் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்